கையெழுத்து ஒத்துப்போகாத குற்றவாளி

வழக்கறிஞர் ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு டிக்டேஷனின் நடுவில் வந்தது. பொறியியல் கடைசி வருடம். டிராயிங் ஹாலில் எங்கள் வகுப்பு மொத்தத்தையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, மெக்கானிக்கல் பேராசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "முப்பது கம்ப்யூட்டர்... காலைல டெம்போல வந்துச்சு... கமா போடு... சாயந்திரம் அதே டெம்போல போயிடுச்சு."

அது நான் எழுதியது. மாணவர்கள் அரட்டை அடிக்கும் ஓர் இணையதளத்தில், புனைபெயரில், விசைப்பலகையில் தட்டியது. தட்டியவனைக் கண்டுபிடிக்க எங்கள் கல்லூரி விசாரணைக் குழு கண்ட வழி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. கம்ப்யூட்டரில் அடித்ததற்குக் கையெழுத்து ஏது என்று யாராவது கேட்க வேண்டும். கேட்கிறவனுக்குக் கருப்புக் கோட்டு இருந்தால்தான் இவர்கள் காது கொடுப்பார்கள். அந்த எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் சொந்த வாக்கியத்தை, கமா உட்பட, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம்தான்.

எழுதியது பொய்யில்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக்குழு வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் முப்பது புதுக் கம்ப்யூட்டர்கள் முளைத்தன. புதுச்சேரியில் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஏதோ கிடங்கிலிருந்து வாடகைக்கு வந்தவை. குழு கிளம்பிய கையோடு அவையும் கிளம்பின. "நம்மளவிட அதுங்களுக்கு அட்டெண்டன்ஸ் கம்மி" என்று முடித்திருந்தேன். ஒரே வாரத்தில் அந்தப் பதிவு ஊரெல்லாம் பரவியது. பிரவுசிங் சென்டரில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவன் அதை எனக்கே வாசித்துக் காட்டி, "எவன்னு தெரில மச்சி, செம்மையா எழுதிருக்கான்" என்றான். இணையத்தில் எனக்குக் கிடைத்த புகழ் அவ்வளவுதான். அதையும் சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அது என் நண்பன். தவளக்குப்பம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், அந்த வீட்டில் முதல் இன்ஜினியர். அவன் குற்றம் என்ன தெரியுமா? நல்ல கையெழுத்து. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதுதான் அந்தத் தளத்தின் வழக்கம். டிக்டேஷனும் அப்படியே. டிராயிங்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் என் நண்பன் ஒவ்வொரு எழுத்தையும் அச்சில் வார்த்ததுபோல் எழுதியிருந்தான். விசாரணைக் குழு கையில் வைத்திருந்ததோ என் பதிவின் பிரிண்ட் அவுட். அச்சுக்கு அச்சு பொருந்திவிட்டது. கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்க, அவனுக்கு ஹால்டிக்கெட் கிடையாது என்றார்கள்.

இங்கே என் ராணுவ சேவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு முன் ஒன்பது மாதம் பயிற்சி முகாமில் இருந்தேன். முழங்கால் பிசகியதும், நன்றி, போய்வா என்று அனுப்பிவிட்டார்கள். "நம்மூரு சொல்தாவுக்குப் பிரான்ஸ்லேர்ந்து யூரோல பென்ஷன் வருது, மிலிட்டரிக்கு முட்டிவலிதான் வருது" என்று வகுப்பில் ஓட்டுவார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மிலிட்டரி என்பது நான். அந்த ஒன்பது மாதத்தில் நான் கற்ற நீதிமுறை எளிமையானது. தப்பு நடந்தால் ஹவில்தார் "யார்?" என்பார். ஒருவன் ஓரடி முன்னால் வருவான். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி மூன்று சுற்று ஓடுவான். கதை முடிந்தது. காலைச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று, செய்யாத தப்புக்கே நான் இரண்டு முறை முன்னால் வந்திருக்கிறேன். இரண்டு முறையும் உடனே நம்பினார்கள்.

அந்தத் தைரியத்தில் குழு அறைக்குள் போய் விறைப்பாக நின்றேன்.

"நான்தான் எழுதுனேன் சார். அவன் இல்ல."

பேராசிரியர் என் தாளைத் தேடி எடுத்தார். பிரிண்ட் அவுட் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"கோழி கிளறின மாதிரி இருக்குது. இதுல ஒரு எழுத்தாவது ஒத்துப்போவுதா?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சது சார் அது."

"ஃப்ரெண்ட காப்பாத்த வந்துட்ட. மிலிட்டரில இருந்தவன் இல்ல? அந்த குணம் போவாது. நல்ல பையன்."

"சார், பாஸ்வேர்ட் எங்கிட்ட இருக்குது. இப்பவே ஓபன் பண்ணிக் காட்டறேன்."

அவர் சிரித்தார். "பாஸ்வேர்ட எவன் வேணா மனப்பாடம் பண்ணலாம்பா. கையெழுத்த மாத்த முடியுமா?"

குழுவில் இருந்த மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் துறைத் தலைவர்.

எழுதியது நான் என்பதையும், அவர்கள் நம்பாததையும் வெளியே காத்திருந்த நண்பனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "நீ எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு டா. ஆனா எங்கப்பாவுக்கு நான் பரீட்ச எழுதணும்" என்றான். மறுநாள், பதிவு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அதுவும் முத்து முத்தாக. சந்தேகம் முழுசாகத் தீர்ந்து ஹால்டிக்கெட் கொடுத்தார்கள்.

நான் கோபத்தோடு சட்டம் படிக்கப் போனேன். இப்போது புதுச்சேரியில் ஒரு சீனியரிடம் ஜூனியர். அவர் அனுமதியோடு வாசலில் சின்னதாக, 'கணினி, இணைய வழக்குகள் கவனிக்கப்படும்' என்று பலகை மாட்டினேன். அதைப் பார்த்து உள்ளே வந்த முதல் ஆள், "செல்போன் டிஸ்ப்ளே மாத்துவீங்களா?" என்றார்.

இரண்டாவதாக வந்தவன் என் நண்பன். அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். நடத்தைச் சரிபார்ப்புக்குக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டபோது, 'இணையத்தில் நிறுவனத்தை அவதூறு செய்து, எழுத்துமூலம் ஒப்புக்கொண்டவர்' என்று பதில் போயிருக்கிறது. நியமன ஆணை நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் அடுத்தவனுக்கு வேலை.

எனக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! ராத்திரி பகலாக மனு தயார் செய்து, நானே வாதாடுகிறேன் என்று சீனியர் முன் வைத்தேன். முதல் பக்கத்தைக்கூட அவர் புரட்டவில்லை.

"அத எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப நீ சாட்சிடா. சாட்சியா வர்றவன் அதே கேஸ்ல வக்கீலா நிக்கக் கூடாது. எந்தக் காலேஜ்ல படிச்ச?"

ஆக, எந்த வழக்குக்காகச் சட்டம் படித்தேனோ அதில் நான் வாதாட முடியாது. சீனியர் வாதாடுவார். நான் பிரமாணப் பத்திரம் தர வேண்டும்: அந்த வாக்கியங்கள் என்னுடையவை, டெம்போ உட்பட. கல்லூரி என் மீது அவதூறு வழக்குப் போடலாம், அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சீனியர் இப்போதே சொல்லிவிட்டார். நண்பனும் போனில், "ஒனக்கு எதுக்கு டா வம்பு, வேற வழி பாப்போம்" என்கிறான். வேறு வழி இல்லை.

அந்த இணையதளம் இப்போது மூடிக் கிடக்கிறது. அதை நடத்தியவர் பெங்களூரில் இருப்பதாகக் கேள்வி. பழைய பதிவுகள் அவரிடம் ஏதாவது சிடியில் இருந்தால், என் கணக்கிலிருந்துதான் அது போனது என்பதற்கு ஆதாரம் கிடைக்கும். நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திங்கட்கிழமை சத்தியம் செய்து கையொப்பமிடுவேன். நான் செய்ததை நான்தான் செய்தேன் என்று இந்தத் தடவையாவது நம்பவைக்கப் பார்க்கிறேன்.