மொன்ஸாவில் என்ன பார்த்தீர்கள்?

இத்தாலியில் மொன்ஸா என்ற ஊரில் என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால் நித்திரையில்கூடச் சொல்வேன். கார்ப் பந்தயம். பெரிய பூங்காவுக்கு நடுவே பந்தயப் பாதை. பழைய தேவாலயம், அதற்குள் ஒரு கிரீடம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினேழாவது மாடி வீட்டின் குசினி மேசையில் வைத்து அப்பா இதை எனக்குப் பாடமாக்கினார். ஏழாம் வாய்ப்பாடுகூட எனக்கு அவ்வளவு ஒழுங்காகப் பாடமில்லை.

அப்பாவுக்கு உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற வேலை. வேலையால் வந்து சாப்பிட்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எயார்போட் ஒபிசராக மாறிவிடுவார். குரலும் மாறிவிடும். எங்கே போனீர்கள், ஏன் போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று இங்கிலீசில் கேட்பார். பிறகு எனக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த கதிரையைக் காட்டி, இது யார் என்பார். "மை பிரதர்" என்று நான் சொல்லவேண்டும். வயது? "இலெவன்." அந்த நேரம் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறார் என்பதைக் கண்டேன்.

அந்தக் கதிரை அண்ணாவுடையது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் செத்துப்போனான். ஒன்பது வயது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பெயரைத் தாயின் பாஸ்போட்டிலேயே எழுதிவிடுவார்கள், பிள்ளையின் படம் இராது. அண்ணா போன பிறகும் அவன் பெயர் அம்மாவின் பாஸ்போட்டில் கிடந்தது. எடுத்துவிடுவோம் என்று அப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அம்மா பாஸ்போட்டை எடுத்துத் தன் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியம்மாவுக்கு ஒரே மகன். முறைக்கு அவனும் எனக்கு அண்ணாதான். வளருகிற பொடியனைச் சண்டைக்குள் அங்கே வைத்திருக்கப் பயந்து, பெரியம்மா காணியை விற்று அவனை ஓர் ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தார். கனடாவுக்கென்று கூட்டிவந்த அந்தப் பாவி, இத்தாலியில் விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். மொன்ஸாவில் கொம்பனிக் கந்தோர்களில் தரை துடைத்துக்கொண்டிருந்த எங்கள் மாமாவிடம் பொடியன் எட்டு மாதமாகக் கிடந்தான். மாமாவுக்கே அங்கே ஒழுங்கான விசா இல்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய், செத்துப்போன அண்ணாவின் பெயரில் அவனைக் கனடாவுக்குக் கொண்டுவருவது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள்.

ஏன் இத்தாலிக்குப் போனீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அண்ணாவுக்குப் பந்தயக் கார் என்றால் பைத்தியம். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்கச் சிவப்புக் கார் படங்களாக ஒட்டி வைத்திருந்தான். அப்பா அதையே பிடித்துக்கொண்டார். செத்த பிள்ளையின் ஆசையை வைத்துப் பொய் கட்ட இந்த மனுசனுக்கு எப்படி மனம் வந்தது என்று பின்னாளில் எனக்குப் பொல்லாத ஆத்திரம். வேறு எதைச் சொல்லித் தந்திருந்தாலும் தன் வாய் குழறியிருக்கும் என்று அப்பா ஒருநாள் சொன்னார். அன்றோடு ஆத்திரம் போய்விட்டது. ஆனால் எட்டு வயதில் எனக்குப் பெருங்கொண்டாட்டம். கார்ப் பந்தயம் பார்க்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடம் முழுவதும் பறையடித்துவிட்டுத்தான் பிளேன் ஏறினேன்.

மாமாவின் ஒற்றை அறை வாசலில் பெரியம்மாவின் மகன், பன்னிரண்டு வயதுப் பொடியன், கறுத்து மெலிந்து நின்றான். அம்மா அவனைக் கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். அவர் பெட்டியைத் திறந்து அண்ணாவின் சிவப்புச் சுவெற்றரை எடுத்து, "போட்டுப் பார் அப்பு" என்றார். அதன் கைகள் அவன் முழங்கையைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டன. "அவனும் இப்ப வளந்திருப்பான்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அம்மா அதைக் கழற்றி மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

ஊர் பார்க்க அம்மாவுக்கு விருப்பமில்லை. நான் விட்டேனா? ஒன்றையும் பார்க்காமல் போய் ஒபிசருக்கு என்ன சொல்கிறது என்று அழுது அடம்பிடித்தேன். "பிள்ளை கேக்கிறதிலையும் ஞாயம் இருக்கக்கா" என்று மாமா சிரித்தார். கல்லுச் சிங்கங்கள் காவலிருந்த பாலத்தைக் கடந்து, வெள்ளையும் கரும்பச்சையுமாய்க் கோடு போட்ட முகப்புள்ள தேவாலயத்துக்குப் போனோம். கிரீடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். யேசுவைச் சிலுவையில் அறைந்த ஆணியைத் தட்டித்தான் அதற்குள் வளையம் போட்டிருக்கிறது என்று மாமா சொன்னார். பெற்ற தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாவே என்றார் அம்மா. பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பூங்காவில் அன்று பந்தயம் இல்லை, கார் இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. மரங்களுக்கு நடுவே கைவிட்ட பழைய பாதையொன்று இருந்தது. வளைவில் அது சுவர் போலச் சரிந்து எழும்பியது. சீமெந்து வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. பெரியம்மாவின் மகன் எங்களைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், விறுவிறுவென்று மேலே ஓடினான். எட்டு மாதம் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்த பிள்ளை. உச்சியில் ஒரு கால் சறுக்கியது. அம்மா அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அதுவரை அந்தப் பெயரை அம்மா சொல்லி நான் இரண்டு வருடமாகக் கேட்டதில்லை. மாமா குனிந்து நிலத்தைப் பார்த்தார். மேலே நின்றவனுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்போல. "ஓம் அம்மா, வாறன்" என்றபடி குந்திக் குந்தி இறங்கி வந்தான். அம்மா அந்தச் சீமெந்திலேயே குந்திவிட்டார். பிறகு அவன் காற்சட்டையில் பட்ட ஊத்தையை, அது போன பிறகும், தட்டிக்கொண்டே இருந்தார்.

ரொறன்ரோ எயார்போட்டில் எங்களுக்கு வாய்த்தவள் கண்ணாடி போட்ட, சிரித்த முகத்து ஒபிசர். அம்மா சொல்லவேண்டியதைச் சொன்னார். அவன் அண்ணாவின் பெயரைத் தன் பெயராகச் சொன்னான். அவள் என்னிடம் குனிந்து மொன்ஸாவில் என்ன பார்த்தீர்கள் என்றாள். நான் சிங்கம், தேவாலயம், பாதை என்று ஒப்புவித்தேன். கெட்டிக்காரி என்றாள். அந்தப் புளுகத்தில் பூரித்து நின்ற என்னிடம், உன் அண்ணாவுக்கு எத்தனை வயது என்று கேட்டாள்.

"நைன்" என்றேன்.

பயத்தில் சொன்னதல்ல. அண்ணாவின் வயது ஒன்பது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் பாஸ்போட்டைப் பார்த்தாள், மீசை அரும்பத் தொடங்கியிருந்தவனைப் பார்த்தாள். அம்மா அழத் தொடங்கினார். செத்தவீட்டிலும் அழாத அம்மா, அந்த மேசைக்கு முன்னால் சத்தம் வைத்து அழுதார். பெரியம்மாவின் மகன் அவர் கையைப் பிடித்து "அம்மா, அம்மா" என்றான். ஒபிசர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ கடவுளுக்குத்தான் தெரியும். முத்திரையைக் குத்தினாள்.

வெளியே விஷயம் கேட்ட அப்பா பதறிப்போய், "பதினொண்டெண்டெல்லோ சொல்லித் தந்தனான்?" என்று என்மேல் பாய்ந்தார். "விடுங்கோ, அவள் பிழையாச் சொல்லேல்லை" என்றார் அம்மா. நான் அப்பாவுக்கு நாக்கைக் காட்டினேன்.

ஒரு கிழமைக்குள் லோயரிடம் கூட்டிப்போய், அவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அகதியாகப் பதிவதென்றுதான் பேச்சு. அம்மா நாளைக் கடத்தினார். பொடியனுக்குத் தடிமன், மூக்கு ஓடுகிறது என்றார், இன்னும் தேறவில்லை என்றார். அவனுக்கு அளவாகப் புதுச் சிவப்புச் சுவெற்றர் வாங்கினார். அண்ணாவின் பெயரை இப்போது தடக்குப்படாமல் கூப்பிட்டார். பெரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தபோது, அதை அவனிடம் கொடுக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பா லோயரின் விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. கதிரையில் ஆள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதமாகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் குளியலறைக்குள் பைப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் குரல் கேட்டது. தன் உண்மைப் பெயர், பெரியம்மாவின் பெயர், ஊர் எல்லாவற்றையும் சொன்னான். நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து சொன்னான். என்னைச் சேர்க்காமல் ஒபிசர் விளையாட்டு விளையாடுகிறானே என்று எனக்குக் கோபம். கதவைத் தட்டி, அப்பாவின் குரலில் வயது என்ன என்று கேட்டேன். பைப் நின்றது. "பன்னிரண்டு" என்றான்.

இந்தமுறை எனக்குச் சரியான விடை தெரியும், பதினொன்று. "அம்மா, அண்ணா வயசைப் பிழையாச் சொல்றான், பன்னிரண்டாம்!" என்று குசினிக்கு ஓடினேன்.

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவடியில் போய் நின்றார். பெரியம்மா வைத்த அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். கதவு திறந்தது.

பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னது நான். என்னை ஒருவரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லையே என்று அன்று முழுவதும் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டிருந்தேன்.