மீதி ஐந்து நாள்

"நூற்றில் தொண்ணூற்றைந்து நாள் நட்டம் இந்த அளவைத் தாண்டாது." முதலீட்டு நிதி நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் இந்த வாக்கியத்தை எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். மீதி ஐந்து நாளில் எவ்வளவு போகும் என்பதற்கு அறிக்கையில் இடமே கிடையாது. போதாததற்கு, ஒரு நிதிக்குக் கணக்குப் போட்டபோது பாதிப் பணம் கரைந்த மிக மோசமான இரண்டு மாதங்களை 'வழக்கத்துக்கு மாறானவை' என்று நீக்கினேன். மேலாளர் சொன்னார்தான். நீக்கிய விரல் என்னுடையது.

ஓய்வு பெற்றுக் கொல்லிமலைக்குக் குடிவந்தேன். அங்கே திருப்புலி நாடு என்ற ஊர்ப்பகுதியில் எனக்கு அடுத்த தோட்டக்காரர் ஒருநாள் யோசனை கேட்டார். மிளகு விற்றதும் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிடுவது அவர் குடும்ப வழக்கம். வாடல் நோயில் கொடிகள் மொத்தமாகச் செத்தால், மறுபடி நட்டுக் காய்க்க மூன்று வருடமாவது ஆகும். அதுவரை சாப்பிட அந்தப் பணம். அதைத்தான், நான் இரண்டு மாதங்களை நீக்கிய அதே நிதியில் போடச் சொன்னேன். தொண்ணூற்றைந்து நாள் கணக்கையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஏனுங்க சார், எழுபது வளைவு எறங்கி அடிவாரம் போற காரவள்ளி பஸ்சு நூறு தடவையில தொண்ணூத்தஞ்சு தடவை உருளாதுன்னா நீங்க ஏறுவீங்களா?"

"அது வேற, இது வேறப்பா."

"என்னமோங்க. படிச்சவங்க சொல்றீங்க, போட்டுர்றனுங்க."

இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். குளிரூட்டிய அறைகளில் கோட்டுப் போட்டவன் எவனும் கேட்காத கேள்வி அது. கேட்டவரின் வாயை என் படிப்பைக் காட்டி அடைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

சந்தை சரிந்த அதே மழைக்காலத்தில் கொடிகளும் வாடின. போட்டதில் பாதிதான் மிஞ்சியது. 'பொறுத்திருங்கள், மீளும்' என்று நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்பியது. வயிற்றைப் பொறுத்திருக்கச் சொல்ல இவர்கள் யார்?

என் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கேரளாவில் கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நீட்டிய உறையை இருவரும் தொடவில்லை.

"பாதி போகும்னு அன்னிக்கே தெரியுமாங்க?" என்று அவர் கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சோத்துப் பணத்தைப் போடச் சொன்னீங்களா?" என்றார் மனைவி.

நான் வாசலை மறித்தபடி நின்றிருந்தேன். தோட்டக்காரர் பையைத் தோளில் மாட்டினார்.

"வழி விடுங்க சார்," என்றார்.