சீல் வைத்த மூட்டையில் கன்னியம்மா போட்ட தையல்

துறைமுகத்தைப் பற்றி இன்றைக்கு யார் யாரோ மேடை போட்டுப் பேசுகிறார்கள். அதில் பாதிப் பேர் ஷெட்டுக்குள் கால் வைத்தவர்களே இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ராயபுரத்தில் சொந்தமாக லாரி வாங்கி, நானே ஓட்டி, பிறகு ஆள் வைத்து ஓட்டி, இன்றைக்கு என் பெயரைச் சொன்னால் எண்ணூர் வரைக்கும் தெரியும். கன்னியம்மாவைப் பற்றிப் படித்தவன் எவனும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கன்னியம்மா காசிமேட்டுக்காரி. கட்டுமரம் கவிழ்ந்து புருஷன் போன பிறகு துறைமுகத்தில் கோணி தைக்க வந்தாள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகள் கூலிகளின் கொக்கி பட்டுக் கிழியும். அதைச் சணல் நூலால் தைத்து அடைப்பது அவள் வேலை. கையில் பித்தளை வில்லை கட்டியிருந்தால்தான் கேட்டில் உள்ளே விடுவார்கள். அந்த வில்லைதான் அவளுக்கும் அவள் பெண்கள் இருவருக்கும் சோறு. கோணி ஊசியைக் கொண்டையில் செருகியிருப்பாள். வாயும் அதே மாதிரிதான், குத்தும். என் லாரியைப் பார்த்து, "இன்னா நைனா, இது தானா ஓடுதா, இல்ல நீ எறங்கித் தள்ளிகினு போறியா?" என்று ஷெட்டே சிரிக்கக் கேட்பாள். அன்றைக்கு ராயபுரத்தில் அதைவிட நல்ல லாரி கிடையாது, அது வேறு விஷயம்.

அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அங்கே போகிற சரக்கு சில சமயம் இங்கே இறங்கி ரோடு வழியாகப் போகும். அதற்கு இங்கே வரி இல்லை. வரி இல்லாத சரக்கு என்பதால் வழியில் ஒரு பிடிகூட இறங்கக்கூடாது. மூட்டை மேல் மார்க்கும் நம்பரும் எழுதி, வாயில் கம்பி கோத்து, ஈயக் குண்டை இடுக்கியால் நசுக்கிச் சீல் வைப்பார்கள். தைத்த மூட்டையாக இருந்தால் தையலின் மேலும் ஒரு சீல் உண்டு. அதற்குப் பிறகு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. சீல் வைக்கிற அத்தாவுல்லா தண்டையார்பேட்டைக்காரர். பிள்ளைகுட்டிக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர்.

ஐம்பத்திரண்டில் ஒரு நாள். சீல் வைத்த கிராம்பு மூட்டைகளை என் லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது எவனோ ஒரு கூலி கொக்கியைப் போட்டு இழுத்திருக்கிறான். நான் கேட் பாஸ் வாங்கப் போயிருந்தேன். ஓரத்து மூட்டையிலிருந்து கிராம்பு சேற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்த கன்னியம்மா அதைப் பார்த்தாள். ஒழுகுகிற மூட்டையைக் கண்டால் அடைத்தே பழகிய கை, சும்மா இருக்குமா? ஊசியை உருவித் தைத்துவிட்டாள். சீல் இருந்த பக்கமே அவள் போகவில்லை.

கேட்டில் சுங்க அதிகாரி பார்த்தார். தையல் இருக்கிறது, தையல் மேல் சீல் இல்லை. லாரியை நிறுத்தினார். மூட்டையை இறக்கித் தன் அறைக்குக் கொண்டுபோனார், எங்களையும் கூப்பிட்டார்.

வாசலில் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா ராமசுப்பு அவளுக்கு ஒரு வழி சொன்னான். சீலுக்கு முன்னாலேயே தைத்தது என்று சொல்லிவிட்டால் அவள் தப்பித்துவிடலாமாம். தப்பிப்பாள்தான். தையல் மேல் சீல் வைக்காத குற்றம் அத்தாவுல்லா தலையில் விழும்.

அத்தாவுல்லாவே சொன்னார்: "அப்டியே சொல்லிடும்மா. எனக்கு ஒரு ஏச்சோட போயிடும்."

"ஏச்சோட போவுமா? வேலையே பூடும் பாய்" என்றாள் அவள். நேரே உள்ளே போனாள்.

அதிகாரி கேட்டார். அவள் மறைக்கவில்லை. "நான்தான் தச்சேன் சார். பாய் சீலு வெச்சப்புறம்தான் தச்சேன். சரக்கு கொட்டிகினு கீது, பாத்துகினு போவச் சொல்றியா?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்றார் அந்தப் பெரிய மனிதர். மடியைச் சோதித்தார்கள். ஒரு கிராம்பு இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கொக்கி போட்டுக் கிழித்தவனை ஏன் கூப்பிடவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அந்த அறையில் அப்படிக் கேட்டவன் நான் ஒருவன்தான். கிழிந்தது விபத்தாம், தைத்தது குற்றமாம். பி.ஏ. படித்து இதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்! கொட்டவிட்டவன் யோக்கியன், அடைத்தவள் திருடியா? என் லாரியை வேண்டுமானால் ஒரு வாரம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

மூட்டை முன்பு எப்படி இருந்ததோ அப்படி ஆக வேண்டும் என்று தையலை அறுக்கச் சொன்னார். பியூன் அறுத்தான். கிராம்பு தரையெல்லாம் கொட்டியது. அது சாட்சியாம், யாரும் தொடக்கூடாதாம். பிறகு வில்லையைக் கேட்டார்.

கன்னியம்மா கழற்றி மேசைமேல் வைத்தாள். கிராம்பைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றைக்கூட மிதிக்காமல், காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போனாள். பின்னாலேயே அதிகாரி பூட்ஸ் காலால் நெறுநெறுவென்று மிதித்துக்கொண்டு வந்தார்.

வில்லையை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. கடைசி வரைக்கும் வண்ணாரப்பேட்டை மண்டிகளில் கோணி தைத்துத்தான் பிழைத்தாள். கொக்கி போட்டவன் மறுநாளும் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தான்.