பீட்டர் ராஜாவோடு ஒரே ஒரு போட்டோ

கோவிலம்பாக்கத்துப் பொய்க்கால் குதிரைக்காரர் வடிவேலுவுக்கு 1987-இல் ரஷ்யா போகும் யோகம் அடித்தது. அங்கே நடந்த இந்தியத் திருவிழாவில் ஆட சர்க்கார் கூப்பிட்டிருந்தது. பெண்சாதி அங்காளம்மாவின் தம்பி பொன்னுசாமி மட்டும் நம்பவில்லை.

"இன்னா மாமா, ரஷ்யாவா? உன்ன வண்டலூர் ஜூவுல எறக்கி வுட்ருவானுங்க. போட்டோ கொண்டாந்து காட்டு, என் மீசைய எடுத்துடறேன்!"

பொன்னுசாமியின் மீசை அஸ்தினாபுரம் வரைக்கும் பேர் போனது. அதை மழிக்க வைக்காமல் என் கட்டை வேகாது என்று வடிவேலு விமானம் ஏறினார்.

லெனின்கிராடில் ஆட்டம் முடிந்ததும், வேஷத்தோடேயே ஆற்றங்கரைச் சிலைக்குக் கூட்டிப்போனார்கள். பாறை மேல் முன்னங்கால் தூக்கிய வெண்கலக் குதிரை, குளம்படியில் பாம்பு, மேலே பீட்டர் ராஜா. தேசத்தைத் திருத்துகிறேன் பேர்வழி என்று தாடிக்கெல்லாம் வரி போட்ட மகராசன் என்று தமிழ் படித்த ரஷ்யப் பெண் ஒருத்தி விளக்கினாள்.

"மீசைக்கு இல்லியாம்மா?" என்றார் வடிவேலு ஆவலாக.

கூட ஆட்டத்துக்கு வந்திருந்த பம்பைக்காரர் சத்தியநாதனின் கேமராவில் மிச்சம் ஒரே ஒரு படம்.

"வடிவேலண்ணா, ஆடாம நில்லு!"

"கட்டக்கால்ல எவன்டா ஆடாம நின்னான்? நின்னா வுழுந்துடுவேன்!"

பொய்க்கால் சமாசாரம் அப்படித்தான். சைக்கிள் மாதிரி, ஓடினால்தான் நிற்கும். இவர் தத்தித் தத்தி ஆட, அவர் கேமராவைத் தூக்கித் தூக்கி இறக்க, பஸ்காரன் ஆரன் மேல் ஆரன் அடித்தான். அந்நேரம் சிலைக்குப் பூ வைக்க ஒரு கல்யாண ஜோடி வந்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பீட்டரைப் பார்ப்பது அந்த ஊர் வழக்கமாம். வடிவேலுவின் தவிப்பைப் பார்த்து மாப்பிள்ளை அவர் ஒரு கையையும் பெண் மறுகையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வடிவேலுவும் பீட்டரும் ஒரு நொடி ஒன்றாக அசையாமல் நின்றார்கள். கிளிக்!

தாம்பரம் ஸ்டுடியோவில் கழுவி வந்த போட்டோவில் பீட்டர் இருந்தார். பாம்புகூட இருந்தது. வடிவேலுவின் கையைக் கட்டிக்கொண்டு வெள்ளை கவுனில் பெண்ணும் பளிச்சென்று இருந்தாள். மாப்பிள்ளை மட்டும் படத்துக்கு வெளியே போய்விட்டான்.

பொன்னுசாமி உற்றுப் பார்த்தான். மீசை துடித்தது. சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"யக்கா! மாமா ரஷ்யா போனது நெஜந்தான். வந்து பாரு, கல்யாணமே கட்டிகினு வந்துகீறாரு!"

அங்காளம்மா கரண்டியோடு வந்தாள். "யாருய்யா இவ? உன் கைய இன்னாத்துக்கு புட்ச்சிகினு கீறா?"

"நான் வுழாம இருக்கடி!"

"இத்தினி வருசமா ஆடற, ஒருநாளாச்சும் என் கைய புட்ச்சியா?"

கரண்டி உயர்ந்தது.

"மச்சான், நீயாச்சும் சொல்லுடா!"

"சொல்றேன் மாமா. மீசைய இன்னா பண்லாம்?"

"எந்த மீசை?" என்று கையெடுத்துக் கும்பிட்டார் வடிவேலு. "நான் ரஷ்யாவுக்கே போவலடா!"