விஷ டீச்சர் வீட்டு மிட்டாய்த் தண்ணி

அந்த நர்ஸம்மாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் விஷ டீச்சர். பாவம், அவர் யாருக்கும் விஷம் வைத்தவரில்லை. ஃபினாயில், மண்ணெண்ணெய், எலி மருந்து என்று கழுவிய காலி டப்பாக்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், "என்னன்னு தெரியாததை வாயில வைக்காதே" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதுதான் அவர் வேலை. கடைசியில் ஆளுக்கொரு மிட்டாய் உண்டு. வாங்கியதில் பாதி வழியிலேயே அவர் வாய்க்குள் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ஊருக்கே பாடம் எடுத்தவரின் பாச்சா வீட்டில் பலிக்கவில்லை. ஆறு வயது மகளுக்கு இருமல். அந்தச் சிவப்பு மருந்தைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வாள். கெஞ்சி, மிரட்டி, அலுத்துப்போய் ஒருநாள், "இது மருந்தில்லடி செல்லம், மிட்டாய்த் தண்ணி" என்று புளுகிவிட்டார். மகள் மறுபேச்சில்லாமல் குடித்தாள். பக்கத்தில் நின்ற மூன்று வயதுத் தம்பி, "எனக்கும்!" என்று குதித்தான்.

மறுநாள் மகளின் வகுப்பிலேயே பாடம். பெற்றோரும் வந்திருந்தார்கள். "மருந்தை மிட்டாய்னு சொல்லிக் குடுக்கவே கூடாது. அப்புறம் ஆசைப்பட்டு பாட்டிலோட குடிச்சிடுவாங்க" என்றார், பழக்க தோஷத்தில். முன்வரிசையில் மகள் கண் இமைக்காமல் அம்மாவையே பார்த்தாள். நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. அசடு வழியச் சிரித்து, எலி மருந்துக்குத் தாவிவிட்டார்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால், அலமாரிக்குக் கீழே நாற்காலி. மேல்தட்டில் மருந்து பாட்டிலைக் காணோம். அடுத்த அறைக்கு ஓடினார். தம்பியின் வாயெல்லாம் சிவப்பு. பாட்டில் மகள் மடியில்.

பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூடி திறக்கவில்லை, காலையில் இருந்த அளவு அப்படியே இருந்தது. நர்ஸம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்கு என்னடி குடுத்தே?"

"உன் கூடையில இருந்த மிட்டாய். அழுதான்."

"அப்ப பாட்டில் எதுக்கு?"

"அவன்தாம்மா நாற்காலிய இழுத்துப் போட்டான். நீ சொன்னதை நம்பிட்டான். அதான் நான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

நர்ஸம்மா ரெண்டையும் சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டார். "அம்மா பொய் சொல்லிட்டேன்டி. அது மருந்துதான். நீயும் நம்பித்தானே குடிச்சே?"

மகள் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீ பாவமேன்னு குடிச்சேன். நிஜ மிட்டாயா இருந்தா முழு ஸ்பூனும் எனக்கே குடுத்திருப்பியா?"