செட்ரிக் ஓல்ராய்டு தூக்கிய புருவம்

ஒரு காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இங்கிலாந்தே செட்ரிக் ஓல்ராய்டின் இடது புருவத்துக்காகக் காத்துக்கிடந்தது. மனுசன் எதுவும் பேசமாட்டார். கேமரா பக்கம் திரும்பி, புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவார். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

டிவிக்காரர்கள் கைவிட்ட பிறகு, வயசான காலத்தில், கிளீத்தோர்ப்ஸ் கடற்கரைக் கொட்டகையில் கிறிஸ்துமஸ் கூத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கூத்தில் கிழவி வேசத்தை ஆம்பளைதான் கட்டவேண்டும். பாவாடை பொருந்தியது, கொண்டையும் பொருந்தியது. புருவம்தான் பொருந்தவில்லை. இல்லாத கேமராவைப் பார்த்துத் தூக்கிவிட்டு, சிரிப்பு வரட்டும் என்று நின்றுவிடுவார். முன்வரிசைக்கே தெரியாது, பின்வரிசைக்கு எங்கே தெரியும்?

உடுப்பு மாட்டிவிடும் வின்னி சொல்லிப் பார்த்தாள்.

"மேனேஜர் ரேமண்ட் முடிவா சொல்லிட்டாரு. இன்னிக்கு ஆட்டத்துல புள்ளைங்க சிரிக்கலன்னா, திங்கட்கிழமை வேசம் நம்ம கோஷ்டி டெரிக்குக்குத்தான். மூஞ்சி முழுக்க ஆட்டுய்யா. பாவாடையத் தூக்கிட்டு ஓடு."

"நாடே சிரிச்ச புருவம்டி இது."

"நாடு உன் மூஞ்சிக்கு முன்னால உட்கார்ந்திருந்துச்சு, மவராசா. இதுங்க கடைசியில உட்கார்ந்து சிப்ஸ் தின்னுதுங்க."

"அந்த சிப்ஸ் தொண்டையில சிக்கும், பாரு," என்று மேடைக்குப் போனார்.

பேய் வேசக்காரன் அவர் பின்னால் வந்தான். "பின்னாடி! பின்னாடி!" என்று பிள்ளைகள் கத்தித் தீர்த்தன. தப்பான பக்கம் திரும்பி, அலறி ஓடவேண்டிய இடம். செட்ரிக் ஓடவில்லை. மூலையைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், நின்றார். கத்தல் அடங்கிப்போனது. பேய்க்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அம்மா, அந்தத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றது ஒரு சின்னக் குரல்.

கொட்டகை குலுங்கிச் சிரித்தது.

ஆட்டம் முடிந்து, வின்னி அவர் இடுப்புக் கொக்கிகளைக் கழற்றினாள்.

"நல்லா சிரிச்சாங்கய்யா."

"பொய் சொல்லாதடி. அது நான் வரவழைச்ச சிரிப்பு இல்ல."

அப்போது ரேமண்ட் வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வாசலில் நின்று நெளிந்தார். செட்ரிக் அவரைப் பேசவிடவில்லை.

"டெரிக்குக்கே குடுத்துருய்யா. அவனுக்குத் தொப்பை ஜாஸ்தி. வின்னி, இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடு."

இன்னும் ஒரு ஆட்டம் பார்க்கலாமே என்று அவள் சொல்லியிருக்கலாம். கத்தரிக்கோலை எடுத்து, வேர்வை காயாத தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.