துணைக்கு வந்த சித்தப்பா

ஆசிரியைப் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்குக் கப்பலேறியபோது எனக்கு இருபது வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தூரத்து உறவான ஒரு மாமியின் வீட்டில் தங்கினேன். வகுப்பு முடிந்து தனியே வரக்கூடாது என்பது மாமியின் சட்டம். துணைக்கு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த ஒரு கிராணியாரை அவரே பிடித்தார். எந்த ஊர், யாருடைய மகன், எங்கே பெண் எடுத்தவர் என்று துருவித் துருவி விசாரித்தார்.

"எங்கட ஊர் ஆள்தான் பிள்ளை. உனக்குச் சித்தப்பா முறை."

ஊரையும் குலத்தையும் இத்தனை அலசும் எங்கள் சனம் ஆளைப் பார்ப்பதேயில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் வாரம் அவர் நாலடி முன்னால் நடந்தார். அடுத்த வாரம் ரயில் பாதை ஓரத்து ஒற்றையடிப் பாதையில் தெரியாமல் பட்டதுபோல் அவர் கை என் இடுப்பில் பட்டது. பிறகு தெரிந்தே பட்டது. கையைத் தட்டிவிட்டேன். அவர் கோபப்படவேயில்லை.

"வெளியில சொன்னால் உன்ர படிப்புத்தான் போகும்," என்றார்.

அது உண்மை. அப்பாவுக்குக் கடிதம் போனால் அடுத்த கப்பலில் என்னைக் கூப்பிட்டுவிடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, அந்த வழியில் பால் ஊற்றும் தமிழ்நாட்டு அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நாளையிலேர்ந்து என்கூட வந்துடும்மா," என்றார். மாமிக்குச் சந்தேகம் வராமலிருக்க நான் ஒரு பொய் சொன்னேன். "சித்தப்பா தங்கமான மனுசர் மாமி. அவரை ஏன் வீணாய் அலைக்கழிக்கவேணும்? நான் பால்கார அம்மாவோட வாறன்."

அந்தப் பொய்தான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அடுத்த ஆண்டு பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி படிக்க வந்து அதே வீட்டில் தங்கினாள். மாமி அவளுக்கும் அதே ஆளைத் துணை சேர்த்தார். "இவளே சொன்னவள், தங்கமான மனுசர் எண்டு."

"அப்பிடியோ அக்கா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

ஓம் என்றேன்.

அவள் என்னைப்போல் கோழையல்ல. இரண்டாம் வாரமே நடந்ததை மாமியிடம் சொல்லிவிட்டாள். மாமி என்னைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே கேட்டார். "நீயும் அவரோட ஒரு மாதம் வந்தனி. உன்னோட அப்பிடி நடந்தவரோ?"

என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பயிற்சி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. இல்லை என்று தலையசைத்தேன்.

பொய்க்காரி என்ற பெயரோடு அவளை ஊருக்கு அனுப்ப முடிவாயிற்று. ரயில் நிலையத்தில் என்னைத் தனியே இழுத்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"நீங்களாவது படிச்சு முடியுங்கோ அக்கா," என்றாள். "அந்த ஆளோட மட்டும் இனிப் போகாதேங்கோ. உங்களுக்கு அவரைப் பற்றித் தெரியாது."

சரி, கவனமாக இருக்கிறேன் என்றேன்.